மதில்மேல் ஏறும் முன்

தமிழ்நாட்டு வீடுகளின் முன்பக்கக் கிரில் கதவில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். பத்து வாரப் பூனைக்குட்டிக்கு அது தாராளம். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். குட்டியை எப்போது வெளியே விடலாம் என்று வீட்டார் கூடிப் பேசி முடிப்பதற்குள் பல வீடுகளில் குட்டியே அதை முடிவு செய்துவிடுகிறது. ஒருநாள் காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனால், அது வாசல் கோலத்தின் நடுவில் உட்கார்ந்து முன்காலை நக்கிக்கொண்டிருக்கும். "பூனைன்னா நாலு வீடு சுத்தத்தான் செய்யும், விடு" என்பார் பாட்டி. "போன மாசம் எதிர் வீட்டுக் குட்டி பைக்குல அடிபட்டுச்சே பாட்டி" என்பாள் பேத்தி. இருவர் சொல்வதிலும் உண்மை இருப்பதால்தான் பேச்சு முடிவதில்லை.

உலகமும் இதற்கு ஒரே விடை சொல்லவில்லை. பிரிட்டனின் பூனை நல அமைப்புகள், குறைந்தது நான்கு மாதம் ஆகட்டும், ஊசிகளும் கருத்தடையும் முடியட்டும், பிறகு கதவைத் திறங்கள் என்கின்றன. அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களில் பலர், கதவைத் திறக்கவே வேண்டாம் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவிலோ, 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பூனையை வீட்டு எல்லைக்கு வெளியே திரியவிடுவது சட்டப்படி குற்றம். மூன்று இடத்திலும் வளர்வது ஒரே இனப் பூனைதான். சாலை, பறவை, காலநிலை, பழக்கம் ஆகியவைதான் மாறுகின்றன. ஆகவே 'எத்தனை மாதம்' என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். குட்டியின் உடம்பு தயாரா என்பது ஒரு கேள்வி. வீட்டைச் சுற்றியுள்ள இடம் அந்த உடம்பைத் தாங்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மருத்துவம் ஏறக்குறையத் தெளிவான பதிலை வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு அவரவர் தெருவில் இறங்கி நடந்து பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

பாட்டியின் கட்சியில் இயற்கை இருப்பதுபோல் தோன்றும். குட்டி பிறந்து ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கிறது. நான்கு வாரத்தில் தள்ளாடாமல் நடக்கிறது. அந்த வயதிலேயே தாய்ப்பூனை செத்த எலியையும், பிறகு பாதி உயிரோடு இருக்கும் எலியையும் கொண்டுவந்து முன்னால் போட்டு வேட்டையைப் பழக்கத் தொடங்கும். இரண்டு மாதத்தில் பால் மறந்து, தாயின் பின்னால் மதிலோரம் நடக்கும் குட்டியை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். தாயே இரண்டு மாதத்தில் வெளியே அழைத்துப் போகும்போது மனிதர்கள் எதற்காக ஐந்து மாதம் அடைத்து வைக்க வேண்டும்?

அப்படிப் போகும் குட்டிகளின் கதி என்ன என்பதை அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் ஆய்வுக் குழு கணக்கெடுத்தது. 2004இல் வெளியான அந்த ஆய்வில், வெளியில் திரியும் பூனைகளுக்குப் பிறந்த 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் நிறைவதற்குள் 127 குட்டிகள் இறந்துபோயின அல்லது காணாமல் போயின. நான்கில் மூன்று. காரணம் தெரிந்த மரணங்களில் அடிபட்டும் கடிபட்டும் காயத்தால் இறந்தவையே மிகுதி. இயற்கை இந்த இழப்பை அடுத்த ஈற்றைக் கொண்டு ஈடுகட்டிவிடும். ஒரே ஒரு குட்டியை மடியில் வைத்து வளர்க்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இரண்டு மாதக் குட்டியின் எடை ஒரு கிலோவைத் தொடுவதே அரிது. நாய் துரத்தினால் மதிலில் தாவி ஏறும் வலிமை அதன் பின்னங்கால்களுக்கு இன்னும் வந்திருக்காது. துரத்தும் நாயையும் விளையாட வரும் நாயையும் பிரித்தறியும் அனுபவமும் இருக்காது.

உடம்புக்குள் நடப்பது இதைவிட நுட்பமானது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்கு வந்து சேர்கின்றன. அவை சில வாரங்களுக்கு அதைக் காக்கும். ஆனால் அதே பொருள்கள் தடுப்பூசி மருந்தையும் நோய்க்கிருமி என்று எண்ணி அழித்துவிடக்கூடும். அவை எப்போது தேய்ந்து மறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஒன்றுக்கு எட்டு வாரத்தில் மறையலாம், அதனோடு பிறந்த இன்னொன்றுக்குப் பதினைந்து வாரம் ஆகலாம். தாய் தந்த காவல் கிருமியைத் தடுக்கப் போதாமலும், ஊசியைக் கெடுக்கப் போதுமானதாகவும் இருக்கும் இடைவெளி ஒன்று எல்லாக் குட்டிகளின் வாழ்விலும் வருகிறது. இந்தக் காரணத்தால்தான் உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், முதல் ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கடைசி ஊசி பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ அமையும்படி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஆறு மாத வாக்கில் இன்னொரு ஊசியையும் அது பரிந்துரைக்கிறது.

நம்மூரில் 'ட்ரைகேட் போட்டாச்சு' என்று சொல்பவர்களில் பலர் ஒன்று அல்லது இரண்டு ஊசியோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்பதாவது வாரத்தில் போட்ட ஒற்றை ஊசியை நம்பிக் குட்டியைத் தெருவில் விடுவது, மழைக்கு முன்பே ஓடு மாற்றாமல் ஓலையைச் சொருகி வைப்பது போன்றது. அந்த ஊசி தடுக்க வேண்டிய மூன்று நோய்களில் கொடியது பூனைப் பார்வோ என்று வழங்கும் பேன்லூக்கோபீனியா. குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கி, வெள்ளணுக்களை அழித்து, வாந்தியும் கழிச்சலுமாகச் சில நாள்களில் குட்டியைச் சாய்த்துவிடும். இதன் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அடங்காது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். நோயுற்ற பூனை ஒன்றும் கண்ணில் படாத வெற்று மாடிப்படியும் ஆபத்தான இடம்தான். செருப்போடு கூட அந்தக் கிருமி வீட்டுக்குள் வரும். அதனால்தான் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கும் இந்த ஊசி தேவை.

ரேபிஸ் ஊசியை மூன்று மாதத்தில் போடலாம், ஓராண்டில் மறுபடி போட வேண்டும். தெருநாய்கள் நிறைந்த ஊரில் இதைத் தள்ளிப்போடுவது குட்டிக்கு மட்டும் செய்யும் தீங்கில்லை. ஊசி போடாத குட்டியை ஒரு நாய் கவ்விப் போட்டுவிட்டுப் போனால், பிறகு அந்தக் குட்டியின் நகம் கீறிய குழந்தைகள் எல்லோரும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரும்.

வேறு இரண்டு கிருமிகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். பூனை லுக்கேமியா வைரஸை 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழு கண்டறிந்தது. பூனைக்கு வரும் எய்ட்ஸ் போன்ற நோயின் வைரஸ் 1986இல் கலிஃபோர்னியாவில் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டாவது பெரும்பாலும் கடுவன்களின் சண்டைக் கடியால் பரவும். முதலாவது எச்சில் வழியாக, ஒன்றையொன்று நக்குவதால்கூடப் பரவும். லுக்கேமியா வைரஸை எதிர்க்கும் ஆற்றல் வயது ஏற ஏறக் கூடுகிறது. வளர்ந்த பூனை விரட்டிவிடும் அளவு கிருமியைச் சிறு குட்டி வாழ்நாள் முழுக்கச் சுமக்க நேரிடும். வழக்கமான மூன்று நோய் ஊசியில் இதற்குக் காப்பு இல்லை. சில மாதம் பொறுத்திருப்பதற்கு இதைவிட நேரடியான மருத்துவக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் வீடுகளில் அதிகம் தவறுவது ஊசி அல்ல, கருத்தடை ஆபரேஷன். 'ஆறு மாசம் ஆகட்டும், ஒரு தடவை குட்டி போடட்டும்' என்ற பேச்சு இன்னும் போகவில்லை. ஓர் ஈற்று ஆனால்தான் பெட்டைப் பூனையின் உடம்பு சீராகும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். கடுவன் வந்து சேரும்போதுதான் கருமுட்டை வெளியாகும் என்பதால் சேர்க்கை பெரும்பாலும் வீணாவதில்லை. ஏறத்தாழ 65 நாளில் குட்டிகள் பிறந்துவிடும். பூனையின் பருவம் பகல் நீளத்தைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் அது ஓய்ந்திருக்கும். தமிழ்நாடு, இலங்கை போலப் பகல் நீளம் அதிகம் மாறாத இடங்களில் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும். ஐந்தாவது மாதத்தில் விளையாட்டாக மதில் தாண்டிப் போன பெட்டைக் குட்டி, ஏழாவது மாதத்தில், தன் உடம்பே முழுதாக வளர்ந்து முடியாத வயதில், அட்டைப் பெட்டிக்குள் நான்கு குட்டிகளோடு படுத்திருக்கும். அந்த நான்கையும் வைத்துக்கொள்ள முடியாத வீடு, சாக்குப் பையில் போட்டு மீன் மார்க்கெட் ஓரத்தில் விட்டுவிட்டு வரும். வட கரோலினாவின் கணக்கு அங்கே மறுபடி தொடங்கும்.

அமெரிக்காவில் பூனைக் கருத்தடை குறித்து ஆராய்ந்த மருத்துவர் குழு 2016இல், ஐந்து மாதத்துக்குள் ஆபரேஷனை முடித்துவிடப் பரிந்துரைத்தது. அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கம் அடுத்த ஆண்டே அதை ஏற்றது. பிரிட்டனில் நான்கு மாதம் என்கிறார்கள். கடுவனுக்கும் இது பொருந்தும். ஆபரேஷன் ஆகாத கடுவன் பெட்டையின் வாடை பிடித்து வெகுதூரம் போகும், சண்டையில் கிழிபட்டு வரும், சாலையை அடிக்கடி கடக்கும். சென்னையில் 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற இடங்களுக்கு நாய்களோடு பூனைகளும் வருகின்றன. ஆனால் நாய்க் கருத்தடை பற்றி ஊரே பேசும் அளவுக்குப் பூனைக் கருத்தடை பற்றிப் பேச்சில்லை. அது வருந்தத்தக்கது.

இந்த நாள்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அட்டவணை தானாக உருவாகிறது. பதினாறாவது வாரத்தில் கடைசி ஊசி. அதை ஒட்டி, நான்கு முதல் ஐந்து மாதத்துக்குள் ஆபரேஷன். தையல் ஆற பத்துப் பதினான்கு நாள். ஆக, ஐந்து அல்லது ஐந்தரை மாதத்துக்கு முன்னால் வாசல் திறக்க நியாயமில்லை. புது வீட்டுக்குக் குடிபோனால், வளர்ந்த பூனையாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் உள்ளேயே வைத்திருக்க வேண்டும். சோறு கிடைக்கும் இடம் இதுதான் என்று அதன் மூக்குக்கும் காலுக்கும் பதிய அவ்வளவு நாள் பிடிக்கும்.

பிரிட்டன் இதோடு ஒரு சட்டத்தையும் சேர்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், இருபது வாரம் நிறைவதற்குள் ஒவ்வொரு வளர்ப்புப் பூனைக்கும் தோலடியில் மைக்ரோசிப் பொருத்தியாக வேண்டும். தவறினால் 500 பவுண்டு வரை அபராதம். அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பில் ஓர் எண் மட்டுமே இருக்கும். பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது, கண்டெடுத்தவர் கருவியால் வருடிப் பார்த்தால் யார் வீட்டுப் பூனை என்று சொல்லும். கழுத்துப் பட்டை கட்டுவதானால், கிளையில் மாட்டினால் தானே கழன்றுகொள்ளும் வகைதான் ஆகும். நாய்க்குக் கட்டும் பக்கிள் பட்டை பூனையின் கழுத்தைக் கிளையிலேயே தொங்கவிட்டுவிடும்.

இவ்வளவும் செய்து வெளியே விடும் நாட்டில் பூனைகள் எப்படிச் சாகின்றன? ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கிலாந்துக் கிளினிக்குகளின் பதிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகளின் நடு ஆயுள் 14 ஆண்டு என்று கண்டார்கள். ஆனால் ஐந்து வயதுக்குள் இறந்தவற்றில் ஏறக்குறையப் பாதிக்கு, துல்லியமாக 47.3 விழுக்காட்டுக்கு, காரணம் விபத்துக் காயம். அதில் பெரும்பங்கு வாகனங்களுடையது. ஏழு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள பூனைகளும், இரவு நேரமும்தான் சாலை விபத்தில் முன்னே நிற்கின்றன என்று வேறோர் ஆய்வு கூறியது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நீண்டகால ஆய்வில் இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது. நகரப் பூனைகளைவிட, வண்டிகள் சீறிப் பாயும் நாட்டுப்புறச் சாலையோரப் பூனைகளே அதிகம் அடிபடுகின்றன. வண்டி எத்தனை போகிறது என்பதைவிட, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதே பூனைக்கு உயிர்ப் பிரச்சினை. ஐந்தரை மாதத்தில் கதவு திறப்பவர், அதற்குப் பிறகு வரும் ஒன்றரை ஆண்டுதான் மிக ஆபத்தான காலம் என்பதையும் அறிந்தே திறக்க வேண்டும்.

இனி இடம். பூனை எவ்வளவு தூரம் போகும்? ஜிபிஎஸ் கட்டி 925 வீட்டுப் பூனைகளைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளியானது. சராசரியாக ஒரு பூனை உலவிய பரப்பு 3.6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஒன்பது ஏக்கர். அவற்றில் பெரும்பாலானவை தம் பொழுதைக் கழித்தது தோட்டத்திலிருந்து 100 மீட்டருக்குள்தான். ஆகவே குட்டி வளர்ப்பவர் ஊர் முழுவதையும் ஆராய வேண்டியதில்லை. வீட்டிலிருந்து நான்கு பக்கமும் 100 மீட்டர் நடந்து பார்த்தால் போதும், அதுவும் காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை.

அந்த நடையில் சென்னைத் தெரு காட்டும் காட்சிகள் பிரிட்டன் கையேடுகளில் இல்லாதவை. தெருமுனை டீக்கடைக்கு முன்னால் படுத்திருக்கும் நான்கு நாய்கள் பகலில் அசையாது, இரவில் கூட்டமாக எழும். ஒற்றை நாயிடமிருந்து பூனை தப்பிவிடும், நாலாபக்கமும் சூழ்ந்தால் தப்புவது கடினம். ஹெட்லைட் போடாமல் எதிர்த் திசையில் வரும் டெலிவரி பைக்குகள் வேறு. மளிகைக் கடையிலேயே கிடைக்கும் எலிக் கேக்கில் புரோமடியோலோன் என்ற நஞ்சு இருக்கிறது. பூனை அதைத் தொட வேண்டியதில்லை, தின்ற எலியைத் தின்றாலே இரத்தம் உறையும் தன்மை கெட்டு உள்ளுக்குள் கசியத் தொடங்கும். உடனே கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், ஆனால் ஈறு வெளுத்து மூக்கில் இரத்தம் வருவதற்குள் பல நாள் போயிருக்கும். மழைக்காலத்தில் குட்டிகள் சூட்டுக்காக நிறுத்திய காரின் பானெட்டுக்குள் ஏறிப் படுக்கும். வண்டி எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டும் வழக்கம் சில தெருக்களில் இருக்கிறது. அப்படித் தட்டுகிறவர்கள் இருக்கும் தெரு குட்டிக்கு நல்ல தெரு.

கிராமத்தில் கொல்லையும் வைக்கோல் போரும் மாட்டுக்கொட்டகையும் இருக்கும் வீடு வேறு. அங்கே பூனை எலி பிடிக்கவே வளர்கிறது, அடைத்து வைக்கச் சுவர்கூட முழுதாக இருக்காது. அங்கே அட்டவணையில் ஊசியும் ஆபரேஷனும்தான் உயிர்நாடி. அதுவரை குட்டியை இரவில் ஒரு கூடை கவிழ்த்தோ, அறையில் அடைத்தோ காப்பதுதான் நடைமுறை. நெடுஞ்சாலையோரத்து வீடாக இருந்தால் பிரிஸ்டல் ஆய்வு சொன்னது அப்படியே பொருந்தும், விடக்கூடாது. அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் 'வெளியே' என்பது பால்கனி. நியூயார்க்கில் 1984இல் ஐந்தே மாதத்தில் ஒரு மருத்துவமனைக்கு மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன என்பது பின்னாளில் பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் விழுந்த இடத்திலேயே இறந்தவை ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, அவை அந்தக் கணக்கில் சேரவும் இல்லை. பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றித் தப்பிவிடும் என்று நம்பிக் குட்டியைத் திறந்த பால்கனியில் விடக்கூடாது. புறா வலை அடித்துத் தருபவர்களிடமே உறுதியான வலை கேட்கலாம். நைலான் நூலைக் கடித்து அறுக்கும் பூனைக்கு மெல்லிய கம்பி வலைதான் சரி.

இப்படி நடந்து பார்த்தபின் சென்னை, கொழும்பு போன்ற நகரங்களின் நெருக்கமான தெருக்களில் வசிப்பவர்கள், குட்டியைக் காவலின்றி விடாமல் இருப்பதே சரி என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கும். இதைச் சொல்லும்போது பூனையின் பக்கத்தையும் மறக்கக்கூடாது. அடைபட்ட பூனைக்கு உடல் பெருக்கும், சலிப்பு வரும், மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சிகூட வரும். வெளியே விடாதவர் வெளியுலகின் ஒரு பங்கை உள்ளே கொண்டுவந்து தரக் கடமைப்பட்டவர். ஏறி உட்கார அலமாரி உச்சி, ஒளிந்துகொள்ள அட்டைப் பெட்டி, தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல் திண்டு, நகம் தீட்டச் சணல் சுற்றிய கட்டை, தினமும் பத்து நிமிடம் கயிற்றில் இறகு கட்டி விளையாட்டு. மொட்டை மாடியில் ஒரு மூலையை வலையடைத்துத் துளசித் தொட்டியும் புல்லும் வைத்துவிட்டால், வெயில் தாழ்ந்தபின் அதைவிட நல்ல இடம் நகரப் பூனைக்குக் கிடைக்காது. சிறு வயதிலேயே உடலில் மாட்டும் வார்ப்பட்டையைப் பழக்கினால் கயிற்றோடு நடக்கும் பூனைகளும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் பூனைகள் ஏறி இறங்கவென்றே மர ஏணிகளும் படிகளும் பொருத்தியிருக்கிறார்கள். தெரு அமைதியாக இருக்கும் ஊரின் தீர்வு அது.

பூனைக்கு வரும் ஆபத்தைப் பேசிவிட்டுப் பூனையால் வரும் ஆபத்தைப் பேசாமல் விட முடியாது. 2013இல் வெளியான மதிப்பீடு ஒன்று, அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாகச் சொன்னது. பெரும்பகுதி உரிமையாளர் இல்லாத பூனைகளின் வேலை. ஜெர்மனியின் வால்டார்ஃப் ஊரில், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகளில் எஞ்சியிருக்கும் சில சோடிகளைக் காக்க, 2022இல் ஆகஸ்ட் இறுதி வரை பூனைகள் வீட்டை விட்டு வரக்கூடாது என்று நிர்வாகம் உத்தரவிட்டது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது நம் பழமொழி. கட்டினாலும் பயன் குறைவு என்கிறது எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு. மணி கட்டிய பூனைகள் கொண்டுவந்த இரையின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்த வீடுகளில் அது 36 விழுக்காடும், தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாடிய வீடுகளில் 25 விழுக்காடும் குறைந்தது. பால்சோற்றை மட்டும் வைத்துவிட்டு, தவிட்டுக் குருவியைப் பிடிக்கிறதே என்று பூனையை வைவதில் பொருளில்லை.

தெரு தாங்கும், குட்டியும் தயார் என்றால், முதல் நாளை எப்படி அமைப்பது? ஏற்பாடு பல வாரம் முன்பே தொடங்குகிறது. தீவன டப்பாவைக் குலுக்கி, பெயர் சொல்லி அழைத்து, வந்தவுடன் ஒரு துண்டு கருவாடோ வேகவைத்த கோழியோ கொடுப்பது. வீட்டுக்குள் பத்துக்குப் பத்து முறை ஓடிவரும் குட்டி வெளியே பத்துக்கு ஏழு முறையாவது வரும். தேர்ந்தெடுக்கும் நேரம் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, பகல் வெளிச்சத்தில், மழையோ பட்டாசோ இல்லாத நாளில். தீபாவளி வாரத்தில் கூடவே கூடாது. குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விடக்கூடாது. கதவைத் திறந்துவைத்து அதுவே படி தாண்ட விட வேண்டும். தானே நடந்து போன வழி அதற்கு நினைவிருக்கும், பயந்தால் அதே வழியில் ஓடி வரும். ஆகவே பின்னால் கதவைச் சாத்திவிடக்கூடாது. முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு கால்மணி நேரம். வளர்ப்பவர் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும், கைபேசி பார்த்துக்கொண்டு அல்ல. முதல் சில வாரம் காவலோடுதான். பயந்து பதுங்கும் குட்டியை இழுக்க வேண்டாம். சில குட்டிகள் ஏழாவது மாதத்தில்தான் படி இறங்கும், அதில் குறை ஒன்றுமில்லை.

பொழுது சாயும் முன் உள்ளே வந்துவிட வேண்டும் என்பது மட்டும் விலக்கில்லாத விதி. பூனை வைகறையிலும் அந்தியிலும் வேட்டையாடும் உயிர். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 139ஆம் பாட்டில், மாலையில் வேலியோரம் வெருகுப் பூனைகள் தென்பட்டதும் வீட்டுக்கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் கோழிக்குத் தெரிந்த நேரம் அது. வேட்டைத் துடிப்பு ஏறும் அதே நேரத்தில்தான் இன்று சாலையில் வண்டிகள் பெருகுகின்றன, ஓட்டுநரின் பார்வை மங்குகிறது, நாய்கள் எழுகின்றன. ஆகவே அன்றாடப் பெரிய சாப்பாட்டை மாலை ஐந்தரைக்கு என்று வைத்துக்கொண்டால், டப்பாவின் ஓசை குட்டியை வீட்டுக்கு இழுக்கும். ஒரு மாதத்தில் ஓசைக்கு முன்பே வாசலில் வந்து நிற்கும்.

ஒருநாள் வராமலும் போகலாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காணாமல் போன 1,210 பூனைகளின் கதைகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட கணக்கு இங்கே உதவும். ஓராண்டுக்குள் 61 விழுக்காடு பூனைகள் கிடைத்தன. மூன்றில் ஒன்று முதல் வாரத்திலேயே உயிரோடு கிடைத்தது. கிடைத்தவற்றில் நான்கில் மூன்று, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தவை. எனவே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட நடப்பதே பலன் தரும். பயந்த குட்டி கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது, ஒரே இடத்தில் நாள் முழுக்க அசையாமல் பதுங்கும். பக்கத்து வீட்டு மோட்டார் அறை, மாடிப்படிக்கு அடியில் அடுக்கிய பழைய ஓடு, மூடாத நீர்த்தொட்டி, கட்டட வேலை நடக்கும் இடத்தின் மணல் மூட்டைகள், நிறுத்தியிருக்கும் கார்களின் அடிப்புறம் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். ஊர் அடங்கியபின் இரவு பதினொரு மணிக்கு டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தால், அதன் கண் இரண்டும் பச்சையாக மின்னும். பெயரை ஒருமுறை தாழ்ந்த குரலில் சொல்லி, டப்பாவைக் குலுக்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்.